லாரிக்கு ஸ்கேனர் போட்டாச்சா? கோடு எண்ணை எழுதி வாங்குங்கள்!

பாலக்கோட்டுத் தக்காளி, காரிமங்கலத்து மாங்காய், அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு, பென்னாகரத்துப் புளி... நம் தருமபுரி மாவட்டத்தில் விளைவது எதுவாக இருந்தாலும் லாரி ஏறாமல் ஊர் தாண்டாது. நிலத்து வருமானம் போதாமல், கடன் வாங்கி மகனுக்கோ மருமகனுக்கோ ஒரு லாரி எடுத்துக் கொடுத்த விவசாயக் குடும்பங்களும் இங்கே நிறைய. அதனால்தான் பயிர், பூச்சி, உரம் பற்றிய கேள்விகளோடு சேர்ந்து லாரி பற்றிய கேள்விகளும் வருகின்றன.

அவற்றில் அடிக்கடி வரும் புலம்பல் இதுதான்: "வண்டி இழுக்கவில்லை. பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். இன்ஜெக்டர் என்றார்கள். மாற்றினோம். சரியாகவில்லை. பிறகு பம்ப் என்றார்கள். அதையும் மாற்றினோம். இப்போதும் ஏற்றத்தில் அதே கதைதான்."

ஒரு போகத்து வருமானம் இப்படி உதிரிப் பாகங்களாகக் கரைந்துபோவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. இதில் ஸ்கேனர் கருவியின் மீது குற்றமில்லை. அது சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் கோளாறு. வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். பயிரைப் பார்த்துப் பழகிய கண் போதும்.

எந்த வண்டிக்கு ஸ்கேனர்?

பழைய லாரிகளில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். புகையின் நிறம், எஞ்சின் சத்தம், இரண்டையும் வைத்தே அனுபவசாலி மெக்கானிக் பழுதைச் சொல்லிவிடுவார். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4 வண்டிகளை மட்டுமே விற்க வேண்டும் என்று ஆனது. பிறகு பிஎஸ்-5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தது.

பிஎஸ்-6 லாரியில் எவ்வளவு டீசல், எந்த நொடியில், எந்த சிலிண்டருக்கு என்பதை ஈ.சி.யூ. என்ற சிறு கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. டீசல் அழுத்தம், ஆயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, காற்றழுத்தம், புகை எல்லாவற்றையும் அளக்க ஆங்காங்கே சென்சார்கள் இருக்கின்றன. ஏதாவது ஓர் அளவு பொருந்தவில்லை என்றால், அதை ஓர் எண்ணாகக் குறித்துவைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கைப் போடுகிறது ஈ.சி.யூ. அந்த எண்ணைப் படித்துக் காட்டும் கருவிதான் ஸ்கேனர்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் விளக்கு என்றால் கவனித்துச் சீக்கிரம் காட்டுங்கள். சிவப்பு விளக்கு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "தொப்பூர் இறக்கம் இறங்கிவிட்டால் சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிவப்பு விளக்கோடு இறங்கவே கூடாது. பாதி இறக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பவர் ஸ்டியரிங்கின் உதவியும் போகும். பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுவிடும்.

மஞ்சள் இலையும் எரர் கோடும்

நிலக்கடலை இலை மஞ்சளாகிறது என்று ஒரு விவசாயி வந்து சொன்னால், உடனே யூரியா போடச் சொல்ல மாட்டோம். அடி இலை முதலில் மஞ்சளானதா, புது இலையா என்று கேட்போம். அடி இலை என்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். புது இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அப்போதும் வேரைப் பிடுங்கிப் பார்ப்போம். தண்ணீர் தேங்குகிறதா என்று பார்ப்போம்.

எரர் கோடும் மஞ்சள் இலை மாதிரிதான். அது ஓர் அறிகுறி. லாரிகளில் இந்த எண் பெரும்பாலும் இரண்டு பகுதியாக வரும். முதலாவது எஸ்.பி.என்.: எந்த அளவில் கோளாறு என்று சொல்வது. இரண்டாவது எஃப்.எம்.ஐ.: அந்த அளவு எந்த விதத்தில் தவறுகிறது என்று சொல்வது. நம் பாஷையில் சொன்னால், முன்னது எந்த இலை, பின்னது எப்படி மஞ்சளாகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பொருள்.

எஸ்.பி.என். எண்களில் அடிக்கடி வரும் சில:

• 94 – பம்புக்கு வரும் டீசலின் அழுத்தம்
• 97 – டீசலில் தண்ணீர்
• 100 – எஞ்சின் ஆயில் அழுத்தம்
• 102 – டர்போவிலிருந்து வரும் காற்றின் அழுத்தம்
• 110 – எஞ்சின் தண்ணீர்ச் சூடு
• 157 – காமன் ரெயில் குழாயின் டீசல் அழுத்தம்
• 168 – பேட்டரி மின்னழுத்தம்

எஃப்.எம்.ஐ. எண்களை மூன்று கூட்டமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

• 0, 1, 15 முதல் 18 வரை: சென்சார் சரியாக அளக்கிறது, அளவுதான் நிஜமாகவே கூடியோ குறைந்தோ இருக்கிறது.
• 3, 4, 5, 6: மின்சாரக் கோளாறு. ஒயர் அறுந்திருக்கலாம், உரசியிருக்கலாம், பிளக் கழன்றிருக்கலாம், சென்சாரே கெட்டிருக்கலாம்.
• 2: அளவு தாறுமாறாக ஆடுகிறது. லூசான பிளக், ஈரம் பாய்ந்த பிளக் இவற்றைச் சந்தேகிக்கலாம்.

இதை அறியாவிட்டால் என்ன ஆகும்? எஸ்.பி.என். 100 என்று வருகிறது. கூடவே எஃப்.எம்.ஐ. 1 வந்தால் ஆயில் அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே பிடித்துக்கொள்ளலாம். அதே 100-உடன் எஃப்.எம்.ஐ. 4 வந்தால், பெரும்பாலும் சென்சார் ஒயரில்தான் கோளாறு. அப்போதும் ஆயில் அளவைப் பார்த்து, தனி கேஜ் போட்டு அழுத்தம் சரி என்று உறுதி செய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். முன்னதில் எஞ்சினே போகலாம். பின்னதை ஓர் ஒயரைச் சரிசெய்தே முடிக்கலாம். "ஆயில் பிரஷர் கோடு வந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் இந்த வித்தியாசம் தெரியாது.

சில வண்டிகளில் 'பி' எழுத்தோடு நான்கு இலக்க எண்ணாக வரும். பி 0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு. பி 0192 என்றால் ரெயில் அழுத்த சென்சாரிலிருந்து வரும் சிக்னல் குறைவு. படிக்க ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் டீசல் பாதையைத் தேட வேண்டும். மற்றதில் சென்சாரையும் ஒயரையும் தேட வேண்டும்.

ஏற்றத்தில் இழுக்காத வண்டி: எங்கிருந்து தொடங்குவது?

சேலம் பக்கமிருந்து வைக்கோலோ உரமோ ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏற்றம் ஏறும்போது வண்டி மூச்சுவாங்குகிறது. சமவெளியில் தொந்தரவு இல்லை. ஸ்கேனரில் எஸ்.பி.என். 157, எஃப்.எம்.ஐ. 18 வருகிறது. அதாவது ரெயில் அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

ரெயில் அழுத்தம் என்பது சாதாரணமானதல்ல. லாரி டயரில் இருப்பது ஏறக்குறைய 8 பார். ரெயில் குழாயில் எஞ்சின் சும்மா ஓடும்போதே சில நூறு பார். ஏற்றத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அவ்வளவு அழுத்தம் வர வேண்டுமானால் டேங்கிலிருந்து டீசல் தடையில்லாமல் வர வேண்டும். வந்தது வழியில் கசியாமல் இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை மாற்றி என்ன பயன்?

ஆகவே செலவு குறைந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்:

1. டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா? டேங்கில் கசடு இருக்கிறதா?
2. டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது? தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா?
3. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் காற்று இழுக்கிறதா? ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டை இடையில் பொருத்திப் பார்த்தால் காற்றுக் குமிழி கண்ணுக்கே தெரியும்.
4. பம்புக்கு வரும் டீசலின் அழுத்தம் போதுமா?
5. ரெயிலில் உள்ள அழுத்தம் விடுவிக்கும் வால்வு வழியாக டீசல் திரும்பிப் போகிறதா?
6. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் சோதனை: ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஒரே நேர அளவில் எவ்வளவு டீசல் சேர்கிறது என்று ஒப்பிடுவது. ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த ஓர் இன்ஜெக்டர்தான் கசிகிறது. எல்லாவற்றையும் மாற்றச் சொல்வதற்கு இது காரணமாகாது.
7. இத்தனையும் சரியாக இருந்தால்தான் மெயின் பம்ப்.

ஸ்கேனரின் உண்மையான பலம் கோடு எண்ணைக் காட்டுவதில் மட்டும் இல்லை. ஓடும் வண்டியின் அளவுகளை அந்தந்த நொடியில் காட்டும். ஈ.சி.யூ. கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்த அழுத்தம் எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். பட்டறையில் நிற்கும் வண்டியில் இரண்டும் ஒத்துப்போகும். லோடு ஏற்றி, ஏற்றத்தில் ஓட்டும்போதுதான் பிரியும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த ஓட்டம் பார்க்காமல் இன்ஜெக்டருக்கு விலை சொன்னால் பொறுத்திருங்கள்.

எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ வேண்டாம். மயிரிழைபோல் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பத்து கோடு வந்தால் பத்துப் பழுதா?

இல்லை. பல சென்சார்களுக்கு ஈ.சி.யூ. ஒரே 5 வோல்ட் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒரு சென்சாரின் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், அதே இணைப்பில் உள்ள மற்றவையும் சேர்ந்து அழும். வாய்க்காலின் தலைமடையில் உடைப்பு எடுத்தால் கடைமடை வயல்கள் எல்லாம் காய்வது மாதிரி. ஆகவே கோடுகள் கூட்டமாக வந்தால் முதலில் பேட்டரி, எர்த், பொது ஒயர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 24 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 27-லிருந்து 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

ஒயர் கெடுவதற்கு நம் ஊர்க் காரணங்களும் உண்டு. வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தினால் எலி கடிக்கும். மோட்டார் பம்ப் வைத்து எஞ்சினைக் கழுவினால் பிளக்குகளில் தண்ணீர் இறங்கும். பாடியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பையும் ஈ.சி.யூ. பிளக்கையும் கழற்றாவிட்டால் ஈ.சி.யூ.வே போகலாம்.

காலையில் ஒரு சோதனை

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பாருங்கள். தண்ணீர்ச் சூடு, எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு இரண்டும் வெளிச் சூட்டுக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வெளியே 24 டிகிரி இருக்க, ஒரு சென்சார் மட்டும் 60 என்று காட்டினால் அது பொய் சொல்கிறது. மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் அதன் ஒயர் அறுந்திருக்கிறது. தருமபுரியில் ஏது மைனஸ் 40?

பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

பட்டறையில் சண்டை போட வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

"அண்ணா, ஸ்கேனர்ல இன்ஜெக்டர்னு வந்திருக்குங்க."

"சரிப்பா தம்பி, கோடு நம்பர எழுதிக் குடு. வேற என்ன சோதன பண்ணீங்கன்னும் சொல்லு."

இவ்வளவுதான். விரிவாகச் சொன்னால்:

1. கோடு எண் முழுமையாக என்ன? இரண்டு பகுதியையும் எழுதி வாங்குங்கள். அல்லது திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. அது இப்போது இருக்கும் பழுதா, எப்போதோ வந்து போனதா? ஸ்கேனர் இரண்டையும் பிரித்துக் காட்டும்.
3. பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் வேகம், சூடு, லோடு எவ்வளவு? இதையும் ஈ.சி.யூ. சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்துவிட்டால் இந்தப் பதிவும் அழியும். ஆகவே படம் எடுக்கும் முன் அழிக்க விடாதீர்கள்.
4. இந்தப் பாகம்தான் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?
5. மாற்றிய பிறகு லோடோடு ஓட்டிப் பார்த்து, கோடு திரும்ப வரவில்லை என்று காட்டுவீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா?

நிலத்துக்கு அடங்கல் இருப்பதுபோல வண்டிக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், கோடு எண், என்ன சோதனை, என்ன மாற்றினோம் என்று ஐந்து பத்தி போதும். வேறு பட்டறைக்குப் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. பில்லோடு அந்த நோட்டும் இருந்தால், தேவைப்படும்போது நுகர்வோர் ஆணையத்தில் பேசவும் ஆதாரம் இருக்கும்.

வாசகர் கேள்விகள்

காருக்குப் போடும், போனில் இணைக்கிற சின்ன ஸ்கேனரை என் லாரிக்குப் போடலாமா? – பாலக்கோடு வாசகர்

விசாரிக்காமல் போடாதீர்கள். கார் 12 வோல்ட். பெரிய லாரி 24 வோல்ட். 24 வோல்ட்டைத் தாங்கும் என்று குறிப்பிடாத கருவி கருகிப்போகலாம். லாரியும் காரும் தகவல் பேசும் முறையும் வேறு. கனரக வண்டிக்கு என்றே வரும் கருவிதான் பொருந்தும். ஒரு வண்டிக்காகத் தனியாக வாங்குவதைவிட, பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்தோ, உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமோ ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். படிப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஈ.சி.யூ. அமைப்புகளை மாற்றும் பக்கத்துக்குள் போக வேண்டாம்.

வண்டிக்கு ஊற்றும் யூரியா நீர் தீர்ந்து விளக்கு எரிகிறது. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா? – பென்னாகரம் வாசகர்

கூடவே கூடாது. டிரைவர்கள் 'யூரியா' என்று சொல்லும் அந்த நீர், 32.5 சதவீதம் மிகச் சுத்தமான யூரியாவும் தாதுப்பொருள் நீக்கிய தண்ணீரும் கலந்தது. வயல் யூரியாவில் வேப்ப எண்ணெய் பூசியிருக்கிறது. 2015 முதல் நம் நாட்டில் வயல் யூரியா முழுவதும் வேம்பு பூசியே வருகிறது. பயிருக்கு நல்லது செய்யும் அந்தப் பூச்சும், யூரியாவில் உள்ள பையூரெட்டும், நம் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் புகைக் குழாயில் உள்ள நுண்ணிய தெளிப்பானை அடைத்து, விலை உயர்ந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும். 45 கிலோ மூட்டை சுமார் 267 ரூபாய் என்று மலிவாகக் கிடைப்பது அரசு மானியத்தால்தான். அதைப் பயிருக்கு அல்லாமல் வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-ன்படி குற்றமும்கூட. நீர் தீர்ந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ஈ.சி.யூ. வண்டியின் இழுவையைக் குறைத்துவிடும். இதைப் பழுது என்று நினைத்து இன்ஜெக்டரைக் கழற்றியவர்களும் உண்டு. முதலில் தரமான நீரை ஊற்றிப் பாருங்கள்.

"லேப்டாப் வைத்து யூரியா சிஸ்டத்தையே அடைத்துத் தருகிறோம், செலவு மிச்சம்" என்கிறார்கள். செய்யலாமா? – அரூர் வாசகர்

வேண்டாம். தயாரிப்பாளர் அமைத்த நிலையிலிருந்து வண்டியை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம். வாரண்டியும் போகும். அதைவிட முக்கியம், ஈ.சி.யூ.வின் கண்ணைக் கட்டிவிட்டால் நாளைக்கு வரும் நிஜப் பழுதையும் அது சொல்லாமல் போகலாம்.

என் டிராக்டர் 45 குதிரைத்திறன். அதற்கு ஸ்கேனர் போட முடியுமா? – காரிமங்கலம் வாசகர்

பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குத்தான் டிரெம்-4 என்ற புகை விதி வந்தது. அவற்றில்தான் காமன் ரெயிலும் ஈ.சி.யூ.வும் பரவலாக உள்ளன. உங்கள் டிராக்டரில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தால், ஸ்கேனரைச் செருக இடமே இருக்காது. யாராவது ஸ்கேனர் கட்டணம் கேட்டால், எங்கே செருகினீர்கள் என்று கேளுங்கள்.

வண்டி பற்றிய கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டி வாங்கிய ஆண்டு, எரர் கோடு எண், பழுது எந்த நேரத்தில் வருகிறது (ஏற்றத்திலா, ஸ்டார்ட் செய்யும்போதா, சூடான பிறகா) என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பயிர்க் கேள்விக்கு ரகம், விதைத்த தேதி, மண் வகை எழுதுவது போலத்தான் இதுவும்.